சேர்த்துக்கொண்டால் போதுமா?: அணைக்கட்டு வட்டாரத்தில் கல்லூரி இடைநிற்றலும் ஆசிரியர், அலுவலகப் பொறுப்பும்

காலை வேளையில் ஒடுகத்தூரிலிருந்து அணைக்கட்டு வழியாக வேலூர் செல்லும் பேருந்துகளில் கல்லூரி மாணவர்கள் நெருக்கியடித்து ஏறுகின்றனர். ஏறத்தாழ அதே வேளையில், பள்ளிகொண்டாவை ஒட்டிய தேசிய நெடுஞ்சாலையில் ஆம்பூர்ப் பகுதிக் காலணித் தொழிற்சாலைகளின் வேன்கள் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு புறப்படுகின்றன. ஜூலையில் பேருந்தில் ஏறியவர்களுள் சிலரை அடுத்த ஜனவரியில் வேனில் காண்கிறோம். அவர்களுள் பலர் சேரிப் பகுதிகளைச் சேர்ந்தவர்கள். தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள்.

எங்களிடம் சட்ட உதவி நாடி வந்த மாணவி ஒருவரின் கதையும் இதுவே. தந்தை தோல் பதனிடும் ஆலையில் கூலித் தொழிலாளி. தாய் வீட்டிலிருந்தபடியே காலணியின் மேற்பகுதியான ‘அப்பர்’ தைத்து, ஜோடிக் கணக்கில் கூலி பெறுபவர். மாணவி ஒரு சுயநிதிக் கல்லூரியில் இளநிலை வணிகவியல் இரண்டாம் ஆண்டு படித்துவந்தார். உதவித்தொகை வந்து சேரவில்லை. கட்டண நிலுவையைச் செலுத்தினால்தான் தேர்வு நுழைவுச் சீட்டு என்று அலுவலகத்தில் கூறப்பட்டது. ஒரு பருவத் தேர்வு தவறியது; அடுத்த பருவத்திற்கு அவர் வரவில்லை. மாற்றுச் சான்றிதழ் கேட்டபோது மூன்றாம் ஆண்டுக் கட்டணத்தையும் சேர்த்துக் கட்டச் சொன்னார்கள். நாங்கள் வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பினோம். சான்றிதழ்கள் திரும்பக் கிடைத்தன. ஆனால் அதற்குள் அவர் தொழிற்சாலையில் சேர்ந்து பத்து மாதங்கள் ஆகிவிட்டன. கல்லூரிப் பதிவேட்டில், விலகியதற்கான காரணம் என்ற கட்டத்தில் ‘சொந்தக் காரணம்’ என்று எழுதப்பட்டிருந்தது.

சட்டப்படி நாங்கள் வென்றோம், மாணவியை இழந்தோம். வழக்கறிஞரின் அறிவிப்பு எப்போதும் காலம் கடந்தே போய்ச் சேருகிறது. அதற்கு முன்பே அம்மாணவியை நாள்தோறும் கண்ட ஆசிரியர்களும், அவருடைய கோப்பைக் கையில் வைத்திருந்த எழுத்தரும் இருந்தார்கள். அவர்களால் செய்யக்கூடியது என்ன, செய்ய வேண்டியது என்ன என்பதைத் தொகுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எண்கள் சொல்வதும் மறைப்பதும்

உயர்கல்வி குறித்த அகில இந்தியக் கணக்கெடுப்பின்படி 2021-22இல் தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47 விழுக்காடு. இந்திய அளவில் அது 28.4. பட்டியல் சாதியினரின் இந்திய அளவிலான விகிதம் 25.9. தமிழ்நாடு பெருமை கொள்ளத்தக்க எண்தான் இது. எனினும் இது சேர்க்கையின் கணக்கு. சேர்ந்தவர்களுள் எத்தனை பேர் பட்டத்துடன் வெளியேறினர் என்பதை இந்த எண் சொல்வதில்லை.

வெளியேறியவர்களின் கணக்கு அரிதாகவே வெளிவருகிறது. 2023 டிசம்பரில் ஒன்றியக் கல்வி இணை அமைச்சர் மக்களவையில் அளித்த விடையின்படி, அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளில் மத்தியப் பல்கலைக்கழகங்கள், ஐஐடிகள், ஐஐஎம்கள் ஆகியவற்றிலிருந்து இடைநின்ற பட்டியல் சாதி, பழங்குடி, பிற பிற்படுத்தப்பட்ட மாணவர்கள் 13,600க்கும் மேற்பட்டோர். மத்தியப் பல்கலைக்கழகங்களில் மட்டும் பட்டியல் சாதியினர் 2,424 பேர், பழங்குடியினர் 2,622 பேர். ஒன்றிய அரசின் நேரடிக் கண்காணிப்பிலுள்ள நிறுவனங்களின் நிலையே இது. வேலூரிலும் குடியாத்தத்திலும் வாணியம்பாடியிலும் உள்ள கலைக் கல்லூரிகளிலிருந்து விலகுவோரைப் பற்றி நாடாளுமன்றத்தில் யாரும் வினா எழுப்புவதில்லை.

ஏன் விலகுகின்றனர்?

‘ஆர்வமில்லை’, ‘வீட்டில் திருமணம் செய்துவைத்துவிட்டார்கள்’, ‘வேலைக்குப் போய்விட்டான்’ என்பவையே ஆசிரியர் அறைகளில் நாங்கள் கேட்கும் விடைகள். இவை பெரும்பாலும் விளைவுகள். காரணங்கள் அவற்றுக்கு முன்னே கிடக்கின்றன.

முதலாவது, பணம் வரும் காலம். பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகை, அண்ணல் அம்பேத்கர் வைசிராய் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்த 1944இல் தொடங்கப்பட்டது. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டோர் இதற்குத் தகுதியுடையோர். 2020 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை இதன் நிதிப் பகிர்வை 60:40 என்று மாற்றியது. மாநிலம் தன் பங்கை விடுவித்த பின்பே ஒன்றியத்தின் பங்கு மாணவரின் வங்கிக் கணக்கிற்கு வருகிறது. தொழிற்கல்வி அல்லாத பட்டப் படிப்பில், வீட்டிலிருந்து சென்று படிப்பவருக்கான கல்விப்படி ஆண்டுக்கு 3,000 ரூபாய், மாதத்திற்கு 250. கல்லூரிக் கட்டணத்தின் கெடு ஒரு நாளிலும், உதவித்தொகை வேறொரு நாளிலும் வருகிறபோது, இடைப்பட்ட மாதங்களைக் கடன் வாங்கியே கடக்க வேண்டியிருக்கிறது. வட்டிக்கு வாங்க வழியில்லாத குடும்பத்தின் பிள்ளை அந்த இடைவெளியில் விழுந்துவிடுகிறார்.

இரண்டாவது, தொழிற்சாலை. காலணித் தொழிற்சாலைகள் இளம்பெண்களை விரும்பி எடுக்கின்றன. மாதந்தோறும் கைக்கு வரும் கூலிக்கும், மூன்றாண்டுகளுக்குப் பின் வரக்கூடும் எனச் சொல்லப்படும் பட்டத்திற்கும் இடையே ஒரு குடும்பம் ஒவ்வொரு மாதமும் முடிவெடுக்கிறது. தந்தை நோயுற்றாலோ, ஆலையில் வேலை நின்றாலோ அம்முடிவு ஒரே இரவில் மாறிவிடுகிறது. 2015 ஜனவரி இறுதியில் இராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்து பத்துத் தொழிலாளர்கள் உயிரிழந்ததை இவ்வட்டாரம் மறக்கவில்லை. அத்தகைய இடங்களில் உழைக்கும் பெற்றோரின் பிள்ளைகளே நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கின்றனர்.

மூன்றாவது, தொலைவு. அணைக்கட்டு ஒன்றியத்தின் பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை, பாலாம்பட்டு போன்ற சவ்வாது மலை ஊராட்சிகளில் மலையாளிப் பழங்குடியினர் வாழ்கின்றனர். 2023 மே மாதத்தில் அல்லேரி மலையில் பாம்பு கடித்த குழந்தை ஒன்று, முறையான சாலை இல்லாததால் உரிய நேரத்தில் மருத்துவமனை சேர இயலாமல் உயிரிழந்தது. உடலைத் தாய் சுமந்து நடக்க நேர்ந்தது. உயிர் காக்கச் சாலையில்லாத ஊரிலிருந்து ஒரு மாணவர் காலை ஒன்பதரை மணி வகுப்பிற்கு வந்து சேர வேண்டியிருக்கிறது. 75 விழுக்காடு வருகை என்ற விதி அனைவருக்கும் ஒன்றே; அதைத் தொடுவதற்கு நடக்க வேண்டிய தூரம் ஒன்றன்று.

நான்காவது, அவமதிப்பு. ‘ஊரா, காலனியா?’ என்ற ஒற்றைக் கேள்வியில் ஒரு மாணவரின் முதல் நாள் முடிந்துவிடுகிறது. 2007இல் புதுதில்லி எய்ம்ஸ் நிறுவனத்தை ஆராய்ந்த தோரட் குழு, பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் ஆசிரியர்களிடமிருந்தும் சக மாணவர்களிடமிருந்தும் எதிர்கொண்ட விலக்கத்தை விரிவாகப் பதிவு செய்தது. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் தலித் மாணவர் ஒருவர் சக மாணவர்களால் வெட்டப்பட்ட பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையும் கல்வி நிலையங்களுக்குள் சாதி இயங்கும் வழிகளைச் சுட்டியது. வேலூர் மாவட்டத்துக் கல்லூரிகள் இதற்கு விதிவிலக்கு என்று கருதுவதற்கு எங்களிடம் காரணம் எதுவும் இல்லை.

சட்டம் ஏற்கெனவே சொல்வது

ஆசிரியரும் அலுவலரும் அறிந்திருக்க வேண்டிய அடிப்படைகள் இவை.

அரசமைப்புச் சட்டத்தின் 46ஆம் உறுப்பு, நலிந்த பிரிவினரின், சிறப்பாகப் பட்டியல் சாதி, பழங்குடியினரின் கல்வி நலனைத் தனிக் கவனத்துடன் வளர்க்குமாறு அரசைப் பணிக்கிறது. ஆதி திராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறையின் 11.9.2012 நாளிட்ட அரசாணை எண் 92, சுயநிதிக் கல்லூரிகளில் பயிலும் தகுதியுள்ள பட்டியல் சாதி, பழங்குடி, கிறித்தவ மதம் மாறிய ஆதி திராவிட மாணவர்களின் கட்டணத்தை அரசே ஏற்க வழிசெய்தது. கிறித்தவ ஆதி திராவிடர் ஒன்றிய அரசின் திட்டத்தில் இடம்பெறாவிடினும் மாநிலத் திட்டத்தில் இடம்பெறுகின்றனர். சாதிச் சான்றிதழில் ‘பிற்படுத்தப்பட்டோர்’ என்றிருப்பதைக் கண்டு அலுவலகங்கள் அவர்களைத் திருப்பி அனுப்புவது பிழை.

2021இல் திருத்தப்பட்ட போஸ்ட் மெட்ரிக் வழிகாட்டுதல்கள், முன்கட்டணம் செலுத்தாமலே சேர்க்கை பெற ‘ஃப்ரீஷிப் கார்டு’ முறையை வகுத்துள்ளன. பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கை, மாணவரின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் தம்மிடம் நிறுத்திவைப்பதைத் தடுக்கிறது. சான்றிதழ்களைக் கட்டண நிலுவைக்கு ஈடாகப் பிடித்துவைக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் பலமுறை தீர்ப்பளித்துள்ளது.

மானியக் குழுவின் 2012ஆம் ஆண்டுச் சமத்துவ ஒழுங்குமுறைகள், சம வாய்ப்பு மையத்தையும் பாகுபாடு எதிர்ப்பு அலுவலரையும் கல்லூரிகள் அமைக்க வேண்டும் எனக் கூறின. அவை ஏட்டளவில் நின்றதால்தான் ரோகித் வெமுலா, பாயல் தட்வி ஆகியோரின் தாய்மார்கள் 2019இல் உச்ச நீதிமன்றத்தை நாடினர். 2023ஆம் ஆண்டு மாணவர் குறைதீர்ப்பு ஒழுங்குமுறைகளும் உள்ளன. சாதியின் பெயரால் நிகழும் இழிவுபடுத்தல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் வரம்பிற்குள் வரக்கூடியது என்பதை ஆசிரியர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

2024 செப்டம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய ஓர் ஆணை இங்குப் பொருந்தும். உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த தலித் மாணவர் அதுல் குமார், 17,500 ரூபாயைக் கெடுவுக்குள் செலுத்த இயலாததால் தன்பாத் ஐஐடியில் இடத்தை இழந்தார். 142ஆம் உறுப்பின் கீழ் அவரைச் சேர்த்துக்கொள்ள நீதிமன்றம் ஆணையிட்டது. கூலித் தொழிலாளியின் மகன் 17,500 ரூபாய்க்காக உச்ச நீதிமன்றம் வரை செல்ல நேர்ந்தது. அவ்வாறு செல்ல இயலாதவர்களுக்கு உச்ச நீதிமன்றம் கல்லூரி அலுவலகச் சன்னல்தான்.

அலுவலகம் செய்ய வேண்டியவை

சேர்க்கை நாளன்றே உதவித்தொகைக்கான தனி மேசை இருக்க வேண்டும். சாதிச் சான்று, வருமானச் சான்று, யூமிஸ் எண், ஆதார் இணைந்த வங்கிக் கணக்கு ஆகிய நான்கும் சரியாக உள்ளனவா என்று அங்கேயே பார்த்துவிட்டால், பின்னாளில் ஏற்படும் தடைகளில் பெரும்பகுதி நீங்கும். பெயரில் ஓரெழுத்து மாறியிருந்தாலும் விண்ணப்பம் தேங்கிவிடுகிறது. மாணவரை இ-சேவை மையத்திற்கும் வங்கிக்கும் வட்டாட்சியர் அலுவலகத்திற்கும் அலையவிடாமல், எந்தத் திருத்தம் எங்கே செய்யப்பட வேண்டும் என்பதைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தல் வேண்டும்.

நிலுவையிலுள்ள விண்ணப்பங்களின் பட்டியலை மாதம் ஒருமுறை எடுத்து, கல்லூரியே மாவட்ட ஆதி திராவிடர் நல அலுவலகத்துடன் தொடர்புகொள்ள வேண்டும். 2019இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பின், அணைக்கட்டு வேலூரிலும் ஆம்பூர் திருப்பத்தூரிலும் உள்ளன. எந்த மாவட்ட அலுவலகத்தை அணுகுவது என்ற குழப்பத்தில் ஒரு மாணவரின் நாட்கள் வீணாகக் கூடாது.

உதவித்தொகை எதிர்நோக்கும் மாணவரின் நுழைவுச் சீட்டை நிலுவையுடன் முடிச்சிடலாகாது. அரசு தர வேண்டிய பணத்திற்கு மாணவரைப் பிணையாக்குவது நியாயமன்று. அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்து அன்றே திருப்பித் தர வேண்டும்.

வகுப்பறைக்குள் வந்து ‘எஸ்.சி. ஸ்காலர்ஷிப் பிள்ளைகள் எழுந்து நில்லுங்கள்’ என்று அறிவிக்கும் வழக்கம் உடனே கைவிடப்பட வேண்டும். ஒருவரின் சாதியை அறுபது பேர் முன்னிலையில் அறிவிக்கும் செயல் அது. தனிப்பட்ட குறுஞ்செய்தி ஒன்று போதும். அலுவலகச் சன்னலில் மாணவரையும் பெற்றோரையும் ஒருமையில் விளிப்பதும் அவ்வாறே. ஒருநாள் கூலியை இழந்து வந்து நிற்கும் தாயை ‘அப்புறம் வா’ என்று அனுப்புவது, மறுமுறை வர வேண்டாம் என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

ஆசிரியர் செய்ய வேண்டியவை

விலகல் முதலில் வருகைப் பதிவேட்டில் தெரிகிறது. ஒரு மாணவர் தொடர்ந்து மூன்று நாட்கள் வரவில்லையெனில் வகுப்பு ஆசிரியர் தொலைபேசியில் அழைக்க வேண்டும். அவ்வழைப்பு தந்தையிடம் செய்யப்படும் முறையீடாக அமைந்துவிடக் கூடாது, ‘என்னம்மா ஆயிற்று?’ என்ற விசாரிப்பாக இருக்க வேண்டும். வருகைக் குறைவைப் பருவ இறுதியில் அறிவிப்பதால் தண்டனை மட்டுமே மிஞ்சும். மாதந்தோறும் தெரிவித்தால் திருத்திக்கொள்ளக் காலம் இருக்கும்.

தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர் முதல் பருவத்தில் ஆங்கிலப் பாடநூலின் முன் திகைத்து நிற்கிறார். அத்திகைப்பை அறிவின்மை என்று கருதுவது பெரும் அநீதி. ஒவ்வொரு பாடத்திற்கும் கலைச்சொற்களை இரு மொழியிலும் தரும் நான்கு பக்கக் கையேட்டை ஒரு துறை ஒரு மாதத்தில் உருவாக்கிவிடலாம். வகுப்பில் தமிழில் வினவும் உரிமையை முதல் நாளே வெளிப்படையாக அறிவிக்கலாம். முதல் அகமதிப்பீட்டுத் தேர்வில் பின்தங்கியவர்களை அடையாளம் கண்டு, அடுத்த தேர்வுக்கு முன்பே தனி வகுப்பு நடத்துதல் வேண்டும். நிலுவைத் தாள்கள் நான்கைந்து சேர்ந்த பின் நம்பிக்கையூட்டுவது கடினம்.

ஆய்வகக் குழுக்களையும் இருக்கைகளையும் மாணவரின் விருப்பத்திற்கே விட்டுவிட்டால், ஊரின் தெரு அமைப்பே வகுப்பறையில் திரும்ப உருவாகும். ஆசிரியர் தாமே குழுக்களைப் பிரித்து அமைக்க வேண்டும். பெற்றோரின் தொழிலையும் வசிப்பிடத்தையும் வகுப்பில் கேட்கலாகாது.

வேலை செய்துகொண்டே படிப்பவர்களைக் குற்றவாளிகளாக நடத்தாமல், இரண்டு சுழற்சிகள் இயங்கும் கல்லூரிகளில் அவர்களுக்கு ஏற்ற சுழற்சிக்கு மாற வாய்ப்பளிக்கலாம். மணமான, கருவுற்ற மாணவிகளுக்கு வருகையில் தளர்வும் மகப்பேறு விடுப்பும் அளிக்க விதிகள் வகுக்குமாறு மானியக் குழு 2021 டிசம்பரிலேயே பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. திருமணம் படிப்பின் முடிவாகாது என்பதை மாணவியிடமும் அவர் குடும்பத்தாரிடமும் எடுத்துச் சொல்ல வேண்டியவர் ஆசிரியரே. அரசுப் பள்ளிகளில் பயின்றோருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 முதலும், தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 முதலும் நடைமுறையில் உள்ளன. தகுதியிருந்தும் பெறாதவர் வகுப்பில் எவரேனும் உள்ளனரா என்று கேட்டறிவதற்கு அரை மணி நேரம் போதும்.

பிற நாட்டுச் சான்று ஒன்று

இவையெல்லாம் சிறு செயல்கள். இவற்றால் என்ன மாறிவிடும் என்ற ஐயம் எழலாம். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007இல், ஏழை மாணவர் மிகுந்த தன் சமுதாயக் கல்லூரிகளில் ‘ஏசாப்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. எஞ்சிய கட்டணத்தை ஏற்றல், பாடநூல் உதவி, போக்குவரத்து அட்டை, ஒவ்வொருவரையும் அடிக்கடி சந்திக்கும் ஆலோசகர் ஆகியவையே அதன் கூறுகள். குலுக்கல் முறையில் தேர்ந்து நடத்தப்பட்ட ஆய்வில், மூன்றாண்டு முடிவில் திட்டத்தில் இருந்தோருள் சுமார் 40 விழுக்காட்டினர் பட்டம் பெற்றனர்; இல்லாதோருள் சுமார் 22 விழுக்காட்டினரே பெற்றனர். பாடத்திட்டத்தை எளிதாக்கி இது எட்டப்படவில்லை. பேருந்துக் காசும், பெயரறிந்து விசாரிக்கும் ஒரு மனிதரும் கூடுதலாகக் கிடைத்தனர்.

நிருவாகம் கதவைத் திறந்து வைத்தல்

தேசியக் கல்விக் கொள்கை 2020, ஓராண்டில் சான்றிதழ், ஈராண்டில் பட்டயம் எனப் பல வெளியேறும் வழிகளை முன்வைக்கிறது. வசதியுள்ளவருக்கு அது தெரிவு. கூலித் தொழிலாளியின் பிள்ளைக்கு அது கௌரவமான பெயர் சூட்டப்பட்ட இடைநிற்றலாக முடியும் என்பதே எங்கள் அச்சம். நமக்குத் தேவை திரும்பி வரும் வழிகள்.

அண்ணலின் வாழ்வே இதற்குச் சான்று. பரோடா அரசின் உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் அவர் இலண்டனில் படிப்பை இடையில் நிறுத்தி நாடு திரும்பினார். பரோடாவில் பணியேற்றபோது சாதியின் காரணமாகத் தங்க இடமும் கிடைக்கவில்லை. ஆனால் நான்காண்டுகளுக்குள் திரும்பி வந்து படிப்பைத் தொடர இலண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு அனுமதி வழங்கியிருந்தது. மும்பையில் ஆசிரியப் பணி செய்து பணம் சேர்த்து, 1920இல் மீண்டும் சென்று, 1923இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். அந்த அனுமதி இல்லாதிருந்தால் அவரும் ஏதோ ஒரு பதிவேட்டில் ‘சொந்தக் காரணத்தால்’ விலகியவராக ஆகியிருப்பார்.

ஆகவே ஒவ்வொரு கல்லூரியும் விலகிய மாணவரை ஆறு மாதத்திற்குள் ஒருமுறையாவது தொடர்புகொண்டு, மீள்சேர்க்கைக்கான வழியைத் தெரிவிக்க வேண்டும். சேர்ந்தோர், இறுதியாண்டை எட்டியோர், பட்டம் பெற்றோர் ஆகிய எண்களைச் சமூகப் பிரிவுவாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். வெளியிடாத அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன் கீழ் இவ்வெண்களைக் கேட்டுப் பெறலாம். பத்து ரூபாய் விண்ணப்பக் கட்டணத்தில் எந்த ஊர் இளைஞர் மன்றமும் இதைச் செய்ய முடியும். எழுதித் தர நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். கட்டணம் காரணமாகத் தேர்வு மறுக்கப்பட்டால் வாய்மொழி விடையுடன் திரும்பிவிடாதீர்கள். எழுத்து வடிவில் விண்ணப்பம் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். படிப்பை நிறுத்துவதற்கு முன் எங்களைப் போன்றோரை அணுகுங்கள். நிறுத்திய பின் எங்களால் மீட்டுத் தரக்கூடியது பெரும்பாலும் சான்றிதழ்களை மட்டுமே.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒன்று. உங்கள் கல்லூரியின் விலகல் பதிவேட்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ‘சொந்தக் காரணம்’ என்று எழுதப்பட்ட ஒவ்வொரு வரிக்கும் எதிரே, அம்மாணவரை நிறுவனத்தின் சார்பில் கடைசியாக விசாரித்தவர் யார், எந்த நாளில் என்று எழுத முயலுங்கள். எழுத இயலாத வரிகள் எத்தனையோ, அவற்றிலிருந்து பணியைத் தொடங்குங்கள்.